ஜென்னியும் ஜானியும் எந்த ஊர்?

துபாயில் வேலை பார்த்த நான்கு வருடமும் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா. தகலாக் மொழியில் அக்காவுக்கு 'ஆத்தே'. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் போனில் கொரிய நாடகம் ஓட ஆரம்பித்துவிடும். "உங்க ஊர் நாடகம் பார்க்க மாட்டீங்களா ஆத்தே?" என்று ஒருநாள் கேட்டேன். "இதுவும் எங்க ஊர் நாடகம்தான்" என்றார்.

அவர் சொன்னது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. 2003இல் பிலிப்பைன்ஸின் ஜிஎம்ஏ தொலைக்காட்சி 'ஆட்டம் இன் மை ஹார்ட்' என்ற கொரிய நாடகத்தை 'எண்ட்லெஸ் லவ்' என்ற பெயரில் தகலாக் குரலில் போட்டது. கொரியப் பெயர்களையும் மாற்றிவிட்டார்கள். நாயகி ஜென்னி, நாயகன் ஜானி. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்த பிள்ளைகளுக்கு, பக்கத்துத் தெருவில் இருப்பவர்களின் பெயர்தானே அது! 1996இல் மெக்சிகோவின் 'மரிமார்' தொடர் இப்படித் தகலாக் பேசி அந்த நாட்டையே கட்டிப்போட்டிருந்ததால், வேற்று முகம் நம் மொழி பேசுவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். 2010இல் அந்த 'எண்ட்லெஸ் லவ்' கதையையே மரியான் ரிவேரா, டிங்டாங் டான்டெஸ் என்ற உள்ளூர் நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். 'கொரியாநோவெலா' என்று தனிப் பெயரே வந்துவிட்டது. குடும்பம், தியாகம், பிரிவு, அப்புறம் 'கிலிக்': காதல் காட்சியில் உடம்பெல்லாம் சிலிர்த்துத் தலையணையைக் கடிக்கத் தோன்றுமே, அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்.

இதையெல்லாம் எழுத வைத்தது 2022 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் செனட்டர் ஜிங்காய் எஸ்ட்ராடா சொன்ன ஒரு பேச்சு. வெளிநாட்டு நாடகங்களால் நம் கலைஞர்களுக்கு வேலை போகிறது, அவற்றைத் தடை செய்யலாமா என்று யோசிக்கிறேன் என்றார். அவரும் நடிகராக இருந்தவர். எதிர்ப்பு கிளம்பியதும், ஆதங்கத்தில் சொன்னது என்று விளக்கம் கொடுத்தார். ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் தடை என்ற எண்ணம் தவறு என்று உறுதியாகச் சொல்வேன். ஜென்னிக்குக் குரல் கொடுத்தவரும் பிலிப்பைன்ஸ் கலைஞர்தான். வசனத்தைத் தகலாக்கில் எழுதியவருக்கும் அதுதான் பிழைப்பு. கலைஞர்களின் வேலை பற்றிப் பேசுவதென்றால் 2020இலிருந்து பேச வேண்டும். ஏபிஎஸ்-சிபிஎன் என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க அந்த ஆண்டு நாடாளுமன்றக் குழு மறுத்ததில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதைச் செய்தது எந்த கொரிய நாடகமும் இல்லை. ஊரடங்கில் முடங்கிக் கிடந்த மக்கள் நெட்ஃபிளிக்ஸில் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுதான் இதுவும் நடந்தது.

இன்னொன்றும் உண்டு. கொரிய நாடகம் பெரும்பாலும் 16 எபிசோடில் முடிந்துவிடும். பிலிப்பைன்ஸ் தொடரான 'ஆங் புரோபின்சியானோ' 2015இல் தொடங்கி 2022இல்தான் முடிந்தது. ஏழு வருடம் அதை நேசித்துப் பார்த்த மக்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஷிஃப்டில் ஓடுகிற ஒருவருக்கு, முடிவு எப்போது என்று தெரிந்த கதைதான் கையில் அடங்கும். எழுத்தாளர்களுக்கு அவகாசம் கொடுத்து அப்படி முடிகிற கதைகளை உள்ளூரிலும் நிறைய எடுக்கட்டும். ஆத்தே அதையும் பார்ப்பார்.

ஆத்தேயின் மகள் பிலிப்பைன்ஸில், பதங்காஸில் பாட்டியோடு வளர்ந்தாள். விடுமுறை நாளில் மத்தியானம் இவருக்கு இரண்டு மணி என்றால் அவளுக்கு மாலை ஆறு. வீடியோ காலைப் போட்டு வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திரையில் ஒரே எபிசோடை எடுப்பார்கள். "இசா, தலாவா, தத்லோ" என்று எண்ணி, இருவரும் ஒன்றாக பிளே பட்டனை அழுத்துவார்கள்.