ஊஹ்ட்சாரே: ஒரே ஒரு முறை எழுதப்பட்ட வார்த்தை

விடிவதற்கு முன்னால் விழித்துக்கொண்டு கவலைப்படுவதற்குப் பழைய ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை உண்டு என்று ஒரு படம் அவ்வப்போது ஃபார்வர்டாக வரும். வார்த்தை, ஊஹ்ட்சாரே. 'அட, நம்ம கதை' என்று எல்லோரும் பகிர்கிறார்கள். எனக்கும் அது புரிகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் மூன்றரை மணிக்கெல்லாம் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் ஒரு பெண்ணைக் காணோம். அதுதான் உறுத்துகிறது.

இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பழைய ஆங்கில எழுத்துகளில் இந்த வார்த்தை ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பேராலயத்தில் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய ஒரு கையெழுத்து நூல் இருக்கிறது. 1072இல் இறந்த லியோஃப்ரிக் என்ற ஆயர் கொடுத்துவிட்டுப் போனது. முன்பக்கத்தில் கத்திக் கீறல்கள், கடைசித் தாள்களில் தீ பட்டு விழுந்த ஓட்டைகள். அதற்குள் 53 வரியில் ஒரு பாட்டு. தலைப்பு கிடையாது, 'மனைவியின் புலம்பல்' என்பது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர். பேசுவது பெண் என்பதே முதல் இரண்டு வரிகளில் இருக்கும் பெண்பால் விகுதிகளை வைத்துத்தான் தெரிகிறது.

கணவன் அலை தாண்டிப் போய்விட்டான். அவன் எந்த மண்ணில் இருக்கிறானோ என்று எனக்கு ஊஹ்ட்சாரே இருந்தது என்கிறாள். அப்புறம் அவனுடைய உறவினர்கள் இருவரையும் பிரிக்கச் சூழ்ச்சி செய்கிறார்கள். அவளைக் காட்டில், ஓக் மரத்தடியில், ஒரு மண்குகையில் குடியிருக்கச் சொல்லிவிடுகிறார்கள். அங்கேயும் ஊஹ்ட் வருகிறது: அந்த நேரத்தில் மரத்தடியில் தனியாக நடக்கிறாள்.

ஊஹ்ட் என்றால் இரவின் கடைசிப் பகுதி, நம் வைகறை. துறவிகள் அந்நேரம் எழுந்து பாடும் வழிபாட்டுக்கு ஊஹ்ட்சாங் என்று பெயர். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் வரும் டிராகன், ஊஹ்ட்டில் பறப்பது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் செத்துப்போனாலும் டச்சுக்காரர்கள் காலையைச் சொல்லும் 'ஓக்டென்ட்'டில் அதன் உறவு இருக்கிறது. மறுபாதியான சாரே, இன்றைய 'கேர்'தான். அன்றைக்கு அதில் அக்கறையைவிடத் துக்கம்தான் கனமாக இருந்தது. ஜெர்மானியர்கள் புனித வெள்ளியை 'கார்ஃப்ரைடாக்' என்கிறார்களே, அந்த 'கார்' இதன் உடன்பிறப்பு; அதற்குப் புலம்பல் என்று பொருள். ஆகவே ஊஹ்ட்சாரேயை வெறும் கவலை என்று எழுதினால் பாதிதான் வருகிறது. வைகறைத் துயர் என்றால் எனக்குச் சரியாகப் படுகிறது.

என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. அதே நூலில், தலைவனை இழந்து கடலில் அலைகிற ஒருவனின் பாட்டும் இருக்கிறது. ஒவ்வொரு ஊஹ்ட்டிலும் என் சாரேயைத் தனியாகச் சொல்லிப் புலம்ப வேண்டியிருந்தது என்கிறான் அவன். அதே நேரம், அதே துக்கம், அதே இரண்டு சொற்கள். ஆனால் அவன் பாட்டில் அவை தனித்தனியாக நிற்கின்றன. அவளுடைய பாட்டில்தான் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகின்றன.

தூக்கமின்மைக்கு ஒரு பழைய பெயர் என்று இதைச் சுருக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படம் அடுத்த முறை வந்தால் பகிருங்கள், கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கடல் தாண்டிப் போனவன் எங்கே இருக்கிறானோ என்று ஒரு பெண் சொன்னது.