எனக்காக நான் தூக்கும் எடை

எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. அத்தை சொன்னார். அண்ணி சொன்னார். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தோழி சொன்னார். ஒரு கல்யாண வீட்டில், அதுவரை முகம்கூடப் பார்த்திராத ஒரு பெரியம்மா கையைப் பிடித்து அருகில் உட்கார வைத்துச் சொன்னார். எனக்கு வயது நாற்பத்தைந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், இனி அது எதற்கு என்பது எல்லோருடைய கேள்வியும்.

ஆனால் கடைப் பையன் வாசலில் இறக்கிவிட்டுப் போகிற 26 கிலோ அரிசி மூட்டையை நான் சமையலறைவரை கொண்டுபோய்ச் சேர்த்த நாட்களில் யாரும் “கீழே வை” என்றதில்லை. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்கு ஏற்றியபோது என் கர்ப்பப்பையைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. சமையல் எரிவாயு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை உருட்டிக்கொண்டு போய், நிமிர்த்தி, மாட்டுவது நம் வீடுகளில் பெரும்பாலும் யார்? ஜிம்மில் இருக்கும் வெறும் பார்பெல் கம்பி 20 கிலோதான். அதைத் தொட்டவுடன் ஊருக்கே என் உடம்பின் மீது அக்கறை வந்துவிடுகிறது.

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர்களை உறுத்துவது எடை இல்லை. அந்த ஒரு மணி நேரம். காலை ஐந்தரை மணிக்கு ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய், யாருக்கும் சமைக்காமல், யாரையும் கவனிக்காமல், தன் உடம்பை மட்டும் கவனித்துவிட்டு வருகிறாள் என்பது உறுத்துகிறது. வீட்டுக்காகச் சுமந்தால் பொறுப்பானவள் என்கிறார்கள், தனக்காகத் தூக்கினால் திமிர் பிடித்தவள் என்கிறார்கள்.

நான் ஏன் தொடங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கும் சர்க்கரை. நாற்பதைத் தாண்டியபின் எடுத்த பரிசோதனையில், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எனக்கு 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய். இந்த வாசற்படியில் நான் மட்டும் நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் முந்தைய நிலையில் இருக்கிறார்கள்.

அந்த நிலையிலிருந்து திரும்ப முடியுமா என்று தேடியபோதுதான் நம் சென்னையிலேயே அதற்கான ஆய்வு நடந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்டது. முந்தைய நிலையில் இருந்த 531 பேரைப் பிரித்து, மூன்று ஆண்டுக் காலத்தில் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளானார்கள். சாப்பாட்டை மாற்றி, தினமும் உடலுக்கு வேலை கொடுத்தவர்களில் அது 39-ஆகக் குறைந்தது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். நம்மைப் போலவே சோறும் குழம்பும் சாப்பிடும் மக்களிடம் கிடைத்த விடை இது. இதைப் படித்தபின் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

“சரி, நடக்க வேண்டியதுதானே?” என்று உடனே கேட்பார்கள். நடைக்கு நம் ஊரில் சம்மதம் கிடைத்துவிட்டது. 2023 நவம்பரில் தமிழக அரசே ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம், நானும் நடக்கிறேன். ஆனால் நடை மட்டும் போதாது என்பதை யாரும் பெண்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் கரைய ஆரம்பிக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். அந்தத் தசையே சுருங்கிவிட்டால் சர்க்கரை எங்கே போகும்? இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

என் அம்மா தரையிலிருந்து எழுந்திருப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுப் பூஜை அறையில் உட்காருவார். எழும்போது முதலில் வலது கையைத் தரையில் ஊன்றுவார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து முட்டி போடுவார். இடது கை அலமாரியின் கதவைத் தேடும். கதவு ஆடும், ஆடாத விளிம்பாகப் பார்த்துப் பிடிப்பார். “முருகா” என்று ஒரு மூச்சு. அப்படியே பாதி எழுந்து, முதுகு வளைந்த நிலையில் சற்று நேரம் நிற்பார். அதன்பிறகுதான் முழுதாக நிமிர்வார். அந்த அலமாரிக் கதவின் விளிம்பில் அவர் விரல்கள் படும் இடத்தில் மட்டும் வார்னிஷ் போய்விட்டது. அவருக்கு அறுபத்தெட்டு வயது. வாழ்நாள் முழுக்க உழைத்தவர், ஒரு நாளும் ஓய்ந்து உட்காராதவர். வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சி என்று நம்பிய தலைமுறை அது. அந்த வேலை அவரைத் தேய்த்தது, வலுவாக்கவில்லை. குனிந்தே செய்யும் வேலை, நின்றே செய்யும் வேலை, ஒரே பக்க இடுப்பில் குடம். எந்தத் தசைக்கும் முறையான பயிற்சியும் இல்லை, செய்தபின் ஓய்வும் இல்லை, சத்தான சாப்பாடும் கடைசியில் மிஞ்சினால்தான். உழைப்பும் பயிற்சியும் ஒன்று என்று இனி யாராவது சொன்னால் என் அம்மாவின் முழங்காலைத்தான் காட்டுவேன்.

கர்ப்பப்பை பயத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது, அதை நான் உதாசீனப்படுத்த மாட்டேன். அடுத்தடுத்துப் பிரசவம், பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே வயல் வேலை, தண்ணீர்ச் சுமை என்று இருந்த பெண்களுக்கு அடி இறக்கம் வந்ததைப் பாட்டிகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே அந்தத் தொந்தரவு உள்ளவர்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் எடையைத் தொடக் கூடாது. ஆனால் மூச்சை அடக்காமல், முதுகை நேராக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டி, இடையில் ஓய்வு கொடுத்துச் செய்கிற பயிற்சி வேறு; பச்சை உடம்போடு சுமை தூக்க வேண்டியிருந்த அந்த நிலைமை வேறு. பாட்டிகளின் அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்பதை. அதை விட்டுவிட்டு, தன் உடம்பை வலுவாக்க நினைப்பவளைத் தடுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் மனம் அதிகம் நோகிறது, ஏனென்றால் இங்கே விமர்சிப்பவர்கள் பிரியமானவர்கள். “முகமெல்லாம் வற்றிப்போய்விட்டது.” “கழுத்தெலும்பு தெரிகிறதே, உடம்புக்கு ஏதாவதா?” “பூசினாற்போல் எவ்வளவு லட்சணமாக இருந்தாய்!” பஞ்சத்தையும் அரைவயிற்றையும் பார்த்த சமூகம் இது. சதை பிடித்த உடம்பு வசதியின் அடையாளம், இளைத்த உடம்பு நோயின் அடையாளம் என்று பல தலைமுறைகளாகப் பதிந்துவிட்டது. ஆகவே சித்தி இரண்டாவது முறை சோறு வைக்கும்போது அவர் கையில் இருப்பது அன்புதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தியர்களின் உடல்வாகு குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துவிடுகிறது. அதனால்தான் மேல்நாட்டினருக்கு உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) 25-இல் தொடங்கும் எச்சரிக்கை நமக்கு 23-லேயே தொடங்குகிறது. பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ‘பூசினாற்போல்’ இருந்தபோது எனக்கு 6.1. கழுத்தெலும்பு தெரியும் இப்போது 5.5. இந்த இரண்டு எண்களையும் சித்தியிடம் சொன்னேன். “எண்ணை விடு, கன்னத்தைப் பார்” என்றார். சண்டை போடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வைத்ததில் பாதியை அவர் தட்டுக்கு மாற்றினேன்.

தோழிகளின் விமர்சனம் இன்னொரு வகை. “யாருக்காக இதெல்லாம்?” என்று கேட்கும் கேள்வி இருக்கிறதே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண் உடம்பைக் கவனித்தால் அதற்கு ஓர் ஆண் காரணமாக இருக்க வேண்டும் என்ற சந்தேகம் அதற்குள் இருக்கிறது. என் கணவரிடமே ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது முகம் சிவந்திருந்தது. அவர் என் பக்கம் நின்றார். நிற்காத கணவர்களைக் கொண்ட பெண்களை நினைத்துத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். 2024-இல் லான்செட் இதழ் ஒன்றில் வந்த கணக்குப்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை; ஆண்களில் 42 சதவீதம். இந்த இடைவெளிக்குச் சோம்பலைக் காரணம் சொல்பவர்கள் ஒரு வாரம் அந்தப் பெண்களின் காலை நேரத்தை வாழ்ந்து பார்க்கட்டும்.

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமாரின் பெயரைச் சொல்லாமல் இந்த விவாதம் எந்த வீட்டிலும் முடிவதில்லை. 2021 அக்டோபர் 29 அன்று, உடற்பயிற்சி செய்த அதே காலையில், 46 வயதில் அவர் மாரடைப்பால் இறந்தது எல்லோரையும் உலுக்கியது. “பார்த்தாயா, அவ்வளவு கட்டுமஸ்தான மனிதருக்கே” என்று என் மாமா இன்றும் ஆரம்பிப்பார். அந்த மரணம் சொல்லும் பாடத்தை நான் ஏற்கிறேன். குடும்பத்தில் இதய நோய் இருந்தால் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சு கனத்தாலோ, மூச்சு வழக்கத்துக்கு மாறாக வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நானும் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டுதான் சேர்ந்தேன். ஆனால் ஜிம்முக்கே போகாமல், நாற்காலியை விட்டே எழாமல் மாரடைப்பில் போனவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் நாற்காலியைக் குற்றம் சொல்லவில்லை.

“ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவாய்” என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பெண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. நாலு டம்பெல்லில் அப்படியெல்லாம் ஆகிவிடாது. எனக்கு வேறொரு உருவம்தான் கண்ணில் நிற்கிறது. மணிப்பூரின் மீராபாய் சானு சிறுமியாக இருந்தபோது, அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். அதே கைகள் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோவைத் தூக்கி வெள்ளி வாங்கின. அவருக்கு முன்பே, 2000-இல் சிட்னியில், ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் யார்? பளுதூக்கிய கர்ணம் மல்லேஸ்வரி. நம் ஊரிலும் விறகுக் கட்டும் நெற்கட்டும் சுமந்த பெண்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அந்த வலுவை அவர்களுக்கென்று வளர்த்துக்கொள்ள ஓர் இடம்தான் இல்லை. ஆண்களுக்கு இளவட்டக்கல் இருந்தது, கர்லாக்கட்டை இருந்தது, தண்டால் பஸ்கி எடுக்கத் தேகப்பயிற்சி சாலை இருந்தது.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் எப்படி விடாமல் போகிறாய் என்று உள்பெட்டியில் கேட்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். நான் யாரையும் வாதத்தில் வெல்ல முயல்வதில்லை. ஒருமுறை காரணத்தைச் சொல்வேன், பரிசோதனை முடிவைக் காட்டுவேன், அதன்பின் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். நேரத்தை மாற்றுவதில்லை, ஐந்தரை என்றால் ஐந்தரை, அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காலை இட்லி வேக வைக்கும் பொறுப்பை மகன் எடுத்துக்கொண்டான், இட்லி நன்றாகவே வருகிறது. அடுத்தவர் தட்டைப் பார்த்து நான் எதுவும் சொல்வதில்லை. பயிற்சிக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு மேசையில் பாடம் எடுப்பதால்தான் பாதி எரிச்சலே வருகிறது. ஜிம்முக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவதிலிருந்து தொடங்கலாம். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுக்கலாம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு இருந்தால் தோளுக்கும் முதுகுக்கும் பயிற்சி ஆயிற்று. முட்டை, பயறு, சுண்டல், மீன் என்று தினமும் ஏதாவது ஒரு புரதம் உங்கள் தட்டிலும் விழட்டும், பிள்ளைகள் தட்டில் மட்டும் விழுந்தால் போதாது.

அம்மாவும் தொடங்கிவிட்டார். உயரமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நான் முன்னால் நிற்க, கையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருகிறார். மருத்துவர் சம்மதித்த பிறகுதான். முதலில் “இந்த வயதில் எனக்கு எதற்கடி” என்றவர், இப்போது நான் மறந்தால் அவரே கூப்பிடுகிறார். அத்தையிடம் தொலைபேசியில், “அவள் செய்வது சரிதான், நீயும் செய்து பார்” என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

வரும் ஞாயிறு அண்ணன் பேரனுக்குக் காது குத்து. மொத்தச் சொந்தமும் வரும், பழைய கேள்விகளும் வரும். காலைப் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். பந்தியில் உட்கார்ந்து கறிக்குழம்பும் சாப்பிடுவேன். பெரியம்மாக்கள் யாராவது கையைப் பிடித்து உட்கார வைத்தால், இந்த முறை அவர்களுக்கும் கையை ஊன்றாமல் எழுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.