கீரை வாங்கப் போன பெரியம்மா

பக்கத்து வீட்டுப் பெரியம்மா போன ஆண்டு ஒரு சனிக்கிழமை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலைச் சந்தைக்குக் கீரை வாங்கப் போனார். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. கீரை ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. நான் அதைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தேன். கைக்கு வேறு வேலை தோன்றவில்லை. இடுப்பெலும்பு முறிவு. "உயிருக்கு ஒன்றும் இல்லை" என்றார்கள்.

அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

நம் மலேசியாவில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அது செய்தியில் வரும். அடிபட்டுப் பிழைத்தவர் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது எதிலும் வராது. பெரியம்மாவின் மகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அம்மாவைக் கழிவறைக்குத் தூக்கிப் போக ஆள் வேண்டுமே, வேலையை விட்டுவிட்டார். ஐந்து மாதம். 8,500 ரிங்கிட். அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் பெரிதாக இல்லை. ஆனால் போய்வர வேன் வாடகை, சக்கர நாற்காலி, பெரியவர்களுக்கான பம்பர்ஸ் எல்லாம் தனி. இதே மகள் வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டிருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ பார்த்துக்கொள்ளும். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்துவிட்ட அம்மா கீரைக்குப் போய் அடிபட்டால் அந்தக் கணக்கில் வரமாட்டார். மோதிய வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம், சரி. போலீஸ் ரிப்போர்ட், வக்கீல், கேஸ் என்று அது ஒரு தனி நடை. பெரும்பாலான நாடுகளில் சாலை விபத்துகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தின்றுவிடுகின்றன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த 3 விழுக்காட்டில் ஒரு பகுதி இப்படித்தான், யாரோ ஒரு மகளின் சம்பளத்திலிருந்து போகிறது.

"பார்த்துப் போகக்கூடாதா?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை. பார்த்துத்தான் போனார். வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஊரைக் கூட்டரசு சாலை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. நான்கு தடம், அகலம் சுமார் 14 மீட்டர். பெரியம்மாவின் நடைக்கு விநாடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்தால் கடக்கப் பதினேழரை விநாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 290 மீட்டர் ஓடிவிடும். ஆக, ரோட்டில் கால் வைக்கும்போதே அவர் 290 மீட்டருக்கு அப்பால் வருவதைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ரோட்டு வளைவு அவ்வளவு தூரத்தில்கூட இல்லை, அதற்கு அந்தப் பக்கம் வருவது கண்ணில் படாது. அந்தக் கண்ணுக்கு கேட்டராக்ட் வேறு.

முன்பு இந்தக் கஷ்டம் இல்லை. தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகை எல்லாம் ஒரே செம்மண் ரோட்டில் இருந்தன. தோட்டம் துண்டு துண்டாகப் பிரிந்துபோனதும் சனங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் தாமான் என்கிற வீடமைப்புக்கு வந்தார்கள். சந்தையும் கிளினிக்கும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும் பெரிய வண்டிகள் அங்கே போய்விடும் என்று நினைத்தோம். டோல் மிச்சம் பிடிக்கும் லோரிகளுக்கு இன்றும் எங்கள் ரோடுதான்.

விபத்துக்குப் பிறகு மனு கொடுக்கப் போன இடத்தில் நடந்து கடக்க மேம்பாலம் என்றார்கள். சந்தோஷப்படுகிறவர்கள் படட்டும். எனக்கு உடன்பாடில்லை. வேறோர் ஊரில் இப்படி ஒரு பாலத்தில் ஏறிப் பார்த்தேன்: ஏற 38 படி, இறங்க 38 படி. கீழே கம்பி வேலியில் ஒரு ஓட்டை, ஊரே அதற்குள் நுழைந்துதான் போகிறது. வண்டி நிற்காமல் போக வேண்டும் என்பதற்காக முட்டி வலிக்காரரை மாடி ஏறச் சொல்வது என்ன நியாயம்?

எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. நடுவில் ஒரு திட்டு. பெரியம்மா ஏழு மீட்டர் நடந்து நின்று மூச்சு வாங்கி, பிறகு மறுபக்கம் மட்டும் பார்த்தால் போதும். கணக்கு பாதியாகிவிடும். அப்புறம், நடந்து கடக்க வெள்ளைக் கோடு போடும் இடத்தில் ரோட்டை நடைபாதை உயரத்துக்கு மேடாக்குங்கள். வேகம் தானாகக் குறையும். நடந்து போகிறவர்மேல் கார் 50-இல் மோதுவதற்கும் 65-இல் மோதுவதற்கும் நடுவே சாவின் ஆபத்து நான்கரை மடங்கு கூடுகிறது என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னதுதான். வெறும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து எங்கள் ஊரில் எந்த லோரியும் நின்றதில்லை. மேடு இருந்தால் அச்சு முறிந்துவிடும் என்ற பயத்திலாவது நிற்பான்.

பெரியம்மா இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கீரை நான் வாங்கிக் கொடுக்கிறேன். நேற்று காசைக் கையில் திணித்துக்கொண்டே கேட்டார்: "ஏய்யா, ரோட்டுல கோடு புதுசா அடிச்சிட்டாங்களாமே?"

அடித்திருக்கிறார்கள். பழைய இடத்திலேயே. சந்தை வாசலிலிருந்து எண்பது காலடி தள்ளி.