பளபளக்கும் பருத்தி வேட்டியில் பிளாஸ்டிக் பூச்சா?

“மெர்சரைஸ்டு என்று எழுதியிருந்தால் அது பிளாஸ்டிக் பூசிய பருத்தி; அதிலுள்ள காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

காஸ்டிக் சோடா என்ற காரத்தைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் எதையும் பூசுவதில்லை. அதைக் கரைத்த நீரில் நூல் நனைந்ததும், முறுக்கிய நாடா போலத் தட்டையாகக் கிடக்கும் பருத்தி இழை உப்பி, முறுக்கு அவிழ்ந்து, உருளை வடிவாகிறது. வழவழப்பான உருளையில் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்புகிறது; பளபளப்பு அதுதான். சாயமும் நன்றாக ஏறும், நூலும் வலுவாகும். மெர்சரைஸ்டு என்ற பெயருக்குக் காரணமான இங்கிலாந்து வேதியியலாளர் ஜான் மெர்சர் 1850-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் துணி பளபளக்கவில்லை, சுருங்கியது! நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டே நனைத்தால் மினுக்கு வரும் என்று 1890-இல் காட்டியவர் ஹொரேஸ் லோ.

பிறகு பலமுறை அலசி, மிச்சக் காரத்தை அமிலத்தால் சமன்செய்துவிடுவார்கள். கையில் இருப்பது அப்போதும் பருத்தியின் இயல்பான பொருளான செல்லுலோஸ்தான்.

சந்தேகமா? ஓரத்து நூல் ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலானால் அதில் பிளாஸ்டிக் இல்லை. உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை கலந்திருக்கிறது. அதற்குக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும், மெர்சரை அல்ல.