ரேடியேஷன் புண்ணும் பிஆர்பியும்: ஒரு திருத்தம்

புற்றுநோய்க்கு ரேடியேஷன் (கதிர்வீச்சு சிகிச்சை) கொடுத்த பின் ஆறாத புண்ணை பிஆர்பி ஊசி கட்டாயம் ஆற்றும், அது நிரூபணமான சிகிச்சை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அளவுக்கு ஆதாரம் இன்னும் இல்லை.

பிஆர்பி என்பது நம் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்து, தட்டணுக்களை இயல்பைவிடச் சில மடங்கு (பெரும்பாலும் 3 முதல் 5) செறிவாக்கிய பிளாஸ்மா. அதன் வளர்ச்சிக் காரணிகள் செல்களை வளரத் தூண்டும். கதிர்வீச்சு பட்ட இடத்திலோ நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கி, தூண்டலை ஏற்கும் செல்களே குறைந்து, திசு இறுகிக் கிடக்கும். அதனால் சர்க்கரைப் புண்ணில் கிடைத்த பலனை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. விலங்குச் சோதனைகளும் சிறிய மருத்துவ ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன, அவ்வளவே.

நீங்களே சரிபார்க்கலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் (PubMed) தளத்தில் பிஆர்பி, கதிர்வீச்சு, காயம் மூன்றையும் ஆங்கிலத்தில் தேடி, வடிகட்டியில் சமவாய்ப்பு ஆய்வுகளை (Randomized Controlled Trial: நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுபவை) மட்டும் தேர்ந்தெடுங்கள். பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை நோயாளிகள் என்று பாருங்கள். ஆய்வாகச் செய்கிறோம் என்று கிளினிக்கில் சொன்னால் சிடிஆர்ஐ (CTRI, இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவெண்ணைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ ராயப்பேட்டை அரசு மருத்துவமனையோ, ரேடியேஷன் கொடுத்த டாக்டரிடமே முதலில் புண்ணைக் காட்டுங்கள். புற்று திரும்பியிருந்தாலும் புண் ஆறாது. அந்தச் சந்தேகம் தீராமல் அங்கே வளர்ச்சிக் காரணியைச் செலுத்தவே கூடாது.