பாலத்துக் காற்று இலவசம்தானே, பாய்?

(பாம்பன் பாலத்தைத் தாண்டி மண்டபம் பக்கம் ஒரு பஞ்சர் கடை. சீனி பாய் காம்பிரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். மீன் பெட்டி கட்டிய பைக்கை அந்தோணி தள்ளாடி நிறுத்துகிறார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது.)

அந்தோணி: பாய், எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். பாலத்தில் ஹேண்டிலை நேராகப் பிடித்தால், பின்பக்கம் தனியாக வேறு ஊருக்குக் கிளம்புகிறது.

பாய்: காற்று பார்த்தாயா?

அந்தோணி: பார்க்காமலா? 2 கிலோமீட்டருக்கு மேல் முழுக்கக் காற்றுதான். சட்டைக்குள் புகுந்து என்னையே தூக்கியது.

பாய்: நான் டயரில் கேட்டேன்.

அந்தோணி: கடல் மேலே சும்மா அடிக்கிற காற்றைக் குழாயில் விட்டுக் காசு கேட்கிறீர்களே, நியாயமா?

பாய்: நீயே வாயை வைத்து ஊதிக்கொள். காசு வேண்டாம். கடைசியாக எப்போது பார்த்தாய்?

அந்தோணி: தினமும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். கிண்ணென்று இருக்கிறது.

பாய்: எந்தச் சக்கரம்?

அந்தோணி: முன் சக்கரம். பின் சக்கரத்தைப் பெட்டி மறைக்கிறதே.

(பாய் காற்று அளக்கும் கேஜை எடுக்கிறார். நல்ல மனிதர், டீயை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.)

பாய்: முன்னால் 42 பவுண்டு. பின்னால் 16. வண்டியில் ஒட்டியிருக்கிற காற்று அளவு ஸ்டிக்கரைப் படி.

அந்தோணி: முன்னால் 25. பின்னால் தனி ஆள் என்றால் 28, இரண்டு பேர் என்றால் 32.

பாய்: புரிகிறதா?

அந்தோணி: 25-உம் 32-உம் 57. என்னிடம் 42-உம் 16-உம் 58. ஒன்று கூடவே இருக்கிறது, பாய்!

பாய்: இது சீட்டுப் பணமா, கூட்டிப் பார்க்க? முன்னால் ஏன் இவ்வளவு அடித்தாய்?

அந்தோணி: ஹேண்டில் அங்கேதானே இருக்கிறது. பலமாக இருக்கட்டும் என்றுதான்.

பாய்: அளவுக்கு மேல் அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டைத் தொடும். பிடி குறையும், நடுவில் தேயும், சின்னக் குழிக்கும் குதிக்கும். மணல் படிந்த ரோட்டில் முன் பிரேக்கைப் பிடித்தால் நீ ஒரு பக்கம், பெட்டியில் இருக்கிற சீலா மீன் ஒரு பக்கம்.

அந்தோணி: ஐயோ, சீலா என்ன விலை தெரியுமா?

பாய்: உன்னைப் பற்றிக் கவலையில்லையா?

அந்தோணி: என்னை யார் வாங்கப் போகிறார்கள்? விடுங்கள்.

பாய்: சரி, பின்னால் 16 எப்படி வந்தது?

அந்தோணி: ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு தனுஷ்கோடி போனேன். ரோட்டை விட்டு இறங்கியதும் சக்கரம் புதைந்துவிட்டது. காற்றை இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மணலில் ஏறும் என்றான். ஏறியது, பாய்!

பாய்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். திரும்ப அடிக்கச் சொன்னானா?

அந்தோணி: அதற்குள் மதுரை ரயில் ஏறிவிட்டான்.

பாய்: மணலுக்கு இறக்கினால் ரோட்டுக்கு வந்ததும் அடிக்க வேண்டாமா? இத்தனை பாரத்தோடு ஓட்டினால் டயரின் பக்கவாட்டு வளைந்து வளைந்து நெளியும். நீ நேராகப் போனாலும் பின்பக்கம் ஆடும். அதுதான் உன் செய்வினை. தொட்டுப் பார்.

அந்தோணி: ஆ! சுடுகிறது!

பாய்: அந்த வளைவில் வருகிற சூடுதான். சூட்டில் காற்று கூடுதலாகக் காட்டும். அப்படியும் 16 என்றால், காலையில் நீ கிளம்பியபோது இன்னும் குறைவு. அங்கே வால்வைப் பார், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நிற்கிற பையன் மாதிரி சாய்ந்திருக்கிறது.

அந்தோணி: ஏன்?

பாய்: காற்று குறைந்தால் பிரேக் போடும்போது டயர் ரிம்மில் நழுவும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வால்வு அடியோடு கிழிந்திருக்கும், அதுவும் நடுப்பாலத்தில். கழற்றி நேராக்கித்தான் அடிக்க வேண்டும்.

அந்தோணி: 28 போதுமே? நான் தனி ஆள்.

பாய்: பெட்டி எத்தனை கிலோ?

அந்தோணி: ஐஸோடு 60.

பாய்: ஹெல்மெட் போடாத இன்னொரு ஆள் என்று வைத்துக்கொள். 32.

(வேலை முடிகிறது. கூலிக்குப் பதிலாக அந்தோணி ஒரு நகரை மீனை நீட்டுகிறார். பாய் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார்.)

அந்தோணி: கேஜ் வைத்துப் பாருங்கள், பாய்.

பாய்: செவுளைத் திற, அதுவே சொல்லும். இனிமேல் காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது காற்று பார்.

அந்தோணி: ஒரு சந்தேகம். உச்சிப்புளியில் பாதி மீன் விற்றுவிடும், ஐஸும் உருகிவிடும். ராமநாதபுரம் போகும்போது 28 போதும். மிச்சம் 4 பவுண்டுக்குக் காசைத் திருப்பித் தருவீர்களா?

பாய்: கொண்டு வா. எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன்.

அந்தோணி: என் தராசிலேயே போடலாமா?

பாய்: வேண்டாம், மாப்பிள்ளை. அதில் உன் கட்டைவிரலும் சேர்ந்து நிற்கும்.