நாய்க்குக் கீஹோல் ஆபரேஷன்: மயக்க மருந்து வேண்டாமா?

அண்ணா, பெண் நாய்க்குக் கீஹோல் முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு கேமரா விட்டுப் பார்த்து, கருத்தடை செய்தால் மயக்க மருந்தே வேண்டாம், அன்றைக்கே ஓட விடலாம், இரண்டு நாள் பயிற்சி எடுத்த எந்த டாக்டரும் செய்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் இதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

முழு மயக்கம் கட்டாயம். உள்ளே கேமரா நகர இடம் வேண்டும் என்று வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை அழுத்தும், நாயால் தாராளமாக மூச்சுவிட முடியாது. அதனால் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு, கடைசிவரை கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லப்போனால், வயிற்றைத் திறந்து செய்வதைவிட இதில்தான் மயக்கத்துக்குக் கவனம் கூடுதல். துளைகள் பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிமீட்டர்தான், வலியும் குறைவு, அது சரி. ஆனாலும் காயம் ஆறும்வரை குதிக்கவோ நக்கவோ விடக்கூடாது.

அப்புறம் டாக்டர் விஷயம். பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பே இன்டர்ன்ஷிப்போடு 5½ ஆண்டு. அறுவை சிகிச்சையில் எம்.வி.எஸ்சி. என்ற மேற்படிப்பு என்றால் இன்னும் 2 ஆண்டு. திரையைப் பார்த்தபடி கருவியை நகர்த்தப் பழகுவது அதற்கும் மேல். நடுவில் ரத்தம் கசிந்தால் உடனே வயிற்றைத் திறந்து ரத்தக்குழாயைக் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும். எங்கே போனாலும், மயக்கத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.